ஃபோர்ஸா ஹொரைசன் 5: டிரைவ்டிரெயினில் எதை மாற்றுவது, எப்படி டியூன் செய்வது? முழுமையான வழிகாட்டி

லாஸ்பேட்டையிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இருந்துகொண்டு இரவு நேரத்தில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய வீடியோ கேமில் ஆன்லைனில் ரேஸ் விடும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, இன்ஜின்ல இருக்கிறதெல்லாம் ஏத்திட்டேன். அப்பவும் ஸ்டார்ட்லயே பின்னாடி தங்கிடுறேன். என்னண்ணே பண்றது?" காரின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். இன்ஜின் பக்கம் முழுக்க ரேஸ் பாகங்கள் இருக்கும். டிரைவ்டிரெயின் பக்கத்தில் கம்பெனியில் வந்தது அப்படியே கிடக்கும்.

இன்ஜின் உண்டாக்கும் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பாகம்) என்று ஒவ்வொன்றாகத் தாண்டி டயருக்கு வந்துசேர வேண்டும். இந்த வழி முழுவதற்கும் பெயர்தான் டிரைவ்டிரெயின். 600 குதிரைத்திறன் இருந்தும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விட்டால் அதில் பாதிகூடத் தரைக்கு வரவில்லை என்று அர்த்தம். 400 குதிரைத்திறன் உள்ள கார் அதை ஒழுங்காகத் தரையில் இறக்கினால் உங்களைத் தாண்டிப் போய்விடும். எனவே எதை எந்த வரிசையில் வாங்குவது, வாங்கியதை எப்படித் திருகுவது என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன். விளையாட்டு ஃபோர்ஸா ஹொரைசன் 5. 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் வந்தது. 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டதால் நம் பக்கம் ஆடுபவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்

எந்த வகுப்பு, எந்தத் தடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு காருக்கும் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ் என்ற மதிப்பெண் உண்டு. சுருக்கமாக பி.ஐ. என்போம். 500 வரை டி வகுப்பு, 600 வரை சி, 700 வரை பி, 800 வரை ஏ, 900 வரை எஸ்1, 998 வரை எஸ்2, 999 வந்தால் எக்ஸ். நீங்கள் மாட்டும் ஒவ்வொரு பாகமும் இந்த மதிப்பெண்ணில் கொஞ்சத்தைச் சாப்பிடும். ஏ வகுப்பு என்றால் உங்கள் கையில் இருப்பது 800. அதைத் தாண்ட முடியாது. ஆகவே கேள்வி "எது நல்ல பாகம்" என்பதல்ல, "இந்த 800-ஐ எங்கே செலவழித்தால் அதிகம் கிடைக்கும்" என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

டயர் டிரைவ்டிரெயினில் சேராது. ஆனாலும் செலவு அங்கேதான் தொடங்க வேண்டும். தார்ச் சாலைக்கு ஸ்போர்ட் அல்லது அதற்கு மேல், மண்ணுக்கு ராலி, கரடுமுரடுக்கு ஆஃப்ரோடு. பிடிப்பு இல்லாத டயருக்கு மேலே எந்த டிஃபரன்ஷியலும் வேலை செய்யாது.

எந்தச் சக்கரம் ஓட்ட வேண்டும்?

கன்வர்ஷன் பக்கத்தில் டிரைவ்டிரெயின் ஸ்வாப் இருக்கும். முன் சக்கர ஓட்டம், பின் சக்கர ஓட்டம், நான்கு சக்கர ஓட்டம் என்று மூன்று வகை. எல்லாக் காருக்கும் மூன்றும் கிடைக்காது.

பெரும்பாலான தம்பிகள் யோசிக்காமல் நான்கு சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. பச்சை விளக்கு வந்ததும் கார் பிய்த்துக்கொண்டு போகும், வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் பின்பக்கம் சுழலாது. ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இரண்டு. காரின் எடை ஏறும், பி.ஐ. ஏறும். மேம்பாட்டுத் திரையில் எடையும் முன்பக்க எடை விழுக்காடும் மாறுவதைப் பாருங்கள். அந்தப் பி.ஐ.யை நல்ல டயருக்கும் எடைக் குறைப்புக்கும் கொடுத்திருந்தால் வளைவுக்குள் அதிக வேகத்தோடு நுழைந்திருக்கலாம்.

என் கருத்து இது. பி, ஏ வகுப்புகளில் தார்ச் சாலைப் பந்தயம் என்றால், மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இலேசான பின் சக்கரக் காரை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பலமே எடை குறைவு. அதில் போய் எடை ஏற்றக் கூடாது. எஸ்1-க்கு மேலே சக்தி எக்கச்சக்கமாகும்போது, அல்லது மண் தடத்தில், அல்லது மழையில் நான்கு சக்கர ஓட்டம் உண்மையிலேயே தன் செலவை ஈடுகட்டும். சுபாரு எஸ்டிஐ, நிசான் ஜிடி-ஆர் மாதிரி பிறப்பிலேயே நான்கு சக்கரக் கார்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை.

முன் சக்கர ஓட்டத்தைப் பலரும் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம்தான். ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்ற கார் கீழ் வகுப்புகளில் நன்றாக ஓடும். திருப்புவதும் இழுப்பதும் ஒரே இரண்டு டயர்தான் என்பதால், சக்தி கூடக் கூட அந்த டயர்கள் திணறும். அவ்வளவே.

பாகங்கள்

டிரைவ்டிரெயின் பக்கத்தைத் திறந்தால் கிளட்ச், டிரான்ஸ்மிஷன், டிரைவ்லைன், டிஃபரன்ஷியல் என்று நான்கு இருக்கும்.

கிளட்ச் நல்லதாக இருந்தால் கியர் மாறும் நேரம் குறையும். டிரைவ்லைன் சுழலும் ஷாஃப்டின் எடையைக் குறைக்கும். இரண்டும் சின்ன லாபம், சின்னச் செலவு. கார் 797-இல் நிற்கிறது, 800-க்கு மூன்று புள்ளி மிச்சம் என்னும்போது இவற்றைக் கொண்டு நிரப்புங்கள். முதலிலேயே வாங்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்மிஷன் அப்படியல்ல. ஸ்போர்ட் வாங்கினால் டியூனிங் பக்கத்தில் ஃபைனல் டிரைவ் (எல்லாக் கியருக்கும் பொதுவாகச் சேரும் கடைசி விகிதம்) மட்டும் திறக்கும். ரேஸ் வாங்கினால் ஒவ்வொரு கியரையும் தனித்தனியாக மாற்றலாம். கியர் எண்ணிக்கையிலும் ஆறு, ஏழு என்று மேலே போகலாம். எண்ணிக்கை கூடினால் கார் வேகம் என்று நினைத்துப் பத்துக் கியர் மாட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் கண நேரம் சக்தி அறுந்துதான் மறுபடி சேரும். தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்கும் பெரிய வி8 இன்ஜினுக்கு ஆறு கியர் தாராளம். மேலே நிமிடத்துக்கு 8,000 சுழற்சி போனால்தான் உயிர் வரும் சின்ன இன்ஜினுக்கு மட்டும் நெருக்கமான கியர்கள் தேவைப்படும். காரின் பவர் வரைபடத்தைப் பாருங்கள்: கோடு அகலமாகத் தட்டையாக இருந்தால் கியர் குறைவு போதும், ஊசி போல மேலே குவிந்திருந்தால் கியர் கூடுதலாக வேண்டும்.

பணமும் பி.ஐ.யும் இறுக்கமாக இருந்தால் ஸ்போர்ட் டிரான்ஸ்மிஷனே போதும் என்பேன். ஃபைனல் டிரைவ் ஒன்றைச் சரி செய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஆனால் டிஃபரன்ஷியலில் கஞ்சத்தனம் வேண்டாம். பி.ஐ.யில் அது கேட்பது மிகக் குறைவு, தருவது மிக அதிகம். ரேஸ் டிஃபரன்ஷியலை நேராக வாங்கிவிடுங்கள்.

கியர் டியூனிங்: கொஞ்சம் கணக்கு

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் இனி யாருடைய டியூனையும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியிருக்காது. ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் அதிகபட்சம் 7,000 சுழற்சி. டயரின் சுற்றளவு 2 மீட்டர். கியர் விகிதம் முதல் கியருக்கு 3.00, கடைசியான ஆறாவது கியருக்கு 0.80, ஃபைனல் டிரைவ் 3.50.

ஆறாவது கியரில் 0.80-ஐ 3.50-ஆல் பெருக்கினால் 2.80. 7,000-ஐ அதனால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 2,500 சுற்று. ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 5,000 மீட்டர், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டர். முதல் கியரில் 3.00-ஐ 3.50-ஆல் பெருக்க 10.5. அதே கணக்கில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் வரும். ஆனால் இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தால், உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரத்தில் அது 4,200 ஆகிவிடும். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறோம். கியர் என்பதே இந்தப் பண்டமாற்றுதான்.

இப்போது ஃபைனல் டிரைவை 3.50-இலிருந்து 4.00-க்கு ஏற்றுங்கள். உச்ச வேகம் 300-இலிருந்து ஏறக்குறைய 262-க்கு இறங்கும். எல்லாக் கியரிலும் இழுவை ஏழில் ஒரு பங்கு கூடும். திரையில் இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் ஆக்சிலரேஷன் என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்.

எது சரி என்று தடம் சொல்லும். விளையாட்டில் வரும் குவானஹுவாட்டோ நகரத்துக்குள் தெருக்களில் ஓடும் பந்தயத்தில் 300-ஐ நீங்கள் தொடவே போவதில்லை. அங்கே 262 உச்ச வேகமுள்ள கார் ஒவ்வொரு முனையிலிருந்தும் முந்திக்கொண்டு வெளியே வரும். நெடுஞ்சாலை சேரும் கோலியாத் பந்தயத்தில் அதே கார் லிமிட்டரில் (இன்ஜின் சுழற்சி அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் எல்லை) முட்டிக்கொண்டு கத்தும், மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். புதுச்சேரி மிஷன் வீதியைச் சுற்றி வருவதற்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போவதற்கும் ஒரே கியர் அமைப்பு எப்படி ஒத்துவரும்?

செய்யும் முறை இது. பந்தயத் தடத்தின் மிக நீளமான நேர்ப்பகுதியில் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டுங்கள். பிரேக் போடும் இடம் வரும்போது கடைசிக் கியரில் ரெட்லைனை, அதாவது இன்ஜினின் அதிகபட்சச் சுழற்சியைத் தொடத் தொட இருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே லிமிட்டரில் முட்டினால் ஃபைனல் டிரைவ் எண்ணைக் குறையுங்கள். கடைசிக் கியரே போடாமல் நேர்ப்பகுதி முடிந்துவிட்டால் எண்ணைக் கூட்டுங்கள்.

ரேஸ் டிரான்ஸ்மிஷன் இருந்தால் அடுத்தது முதல் கியர். புறப்படும்போது டயர் வெகுநேரம் சுற்றினால் முதல் கியர் எண்ணைக் குறையுங்கள். மாறாக இன்ஜின் முனகிக்கொண்டு மெல்ல எழுந்தால் கூட்டுங்கள். அப்புறம் நடுவில் உள்ளவை. நம் கற்பனைக் காருக்கு 3.00, 2.10, 1.60, 1.25, 1.00, 0.80 என்று வைக்கலாம். 7,000-இல் முதலிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் சுழற்சி 4,900-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,333, மூன்றிலிருந்து நான்குக்கு ஏறத்தாழ 5,470, அதற்கு மேல் 5,600. மேலே போகப் போக விழும் ஆழம் குறைவதைக் கவனியுங்கள். வேகம் கூடும்போது காற்று எதிர்ப்பு கடுமையாகும், ஆகவே மேல் கியர்களில் இன்ஜின் தன் பலமான இடத்தை விட்டு இறங்கக் கூடாது. கீழ்க் கியர்களில் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக ஒரு நுணுக்கம். ஏதாவது ஒரு முக்கிய வளைவின் நடுவில் கியர் மாற்ற வேண்டி வருகிறதா? அந்தக் கியரை மட்டும் கொஞ்சம் நீட்டி (அதாவது எண்ணைக் குறைத்து), வளைவு முழுவதும் ஒரே கியரில் போகும்படி வையுங்கள். வளைவில் கியர் மாறும்போது டயருக்குப் போகும் சக்தி குலுங்கும், கார் தடுமாறும். இவ்வளவும் செய்துவிட்டு ஆட்டோமேட்டிக்கில் ஓட்டினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். மேனுவலுக்கு மாறுங்கள், பழகியதும் கிளட்சோடு சேர்ந்த மேனுவலுக்கு.

டிஃபரன்ஷியல்: இங்கேதான் பந்தயம் ஜெயிக்கப்படுகிறது

கார் வளையும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. அதில் ஒரு கோளாறு உண்டு: ஒரு சக்கரத்துக்குப் பிடிப்பு போனால் சக்தி முழுவதும் அதன் வழியாகவே வீணாகும்.

பாகூர் பக்கம் சேற்று உழவு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிராக்டரின் ஒரு பின் சக்கரம் சேற்றில் புதைந்து சும்மா சுற்றும், மற்றது அசையாது. ஓட்டுபவர் டிஃபரன்ஷியல் லாக் மிதியை அழுத்துவார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி வெளியே வரும். அதே லாக்கோடு தார் ரோட்டில் திருப்பப் பார்த்தால் வண்டி திரும்பாமல் நேராக இழுக்கும். டியூனிங் திரையில் 0 முதல் 100 வரை நீங்கள் நகர்த்தும் விழுக்காடு இந்தப் பூட்டின் இறுக்கம்தான். 100 என்றால் சேற்றில் மிதி அழுத்திய டிராக்டர், 0 என்றால் மிதியை விட்ட டிராக்டர்.

ஆக்சிலரேஷன் என்பது நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எவ்வளவு பூட்ட வேண்டும் என்பது. டிஸெலரேஷன் என்பது காலை எடுக்கும்போது எவ்வளவு என்பது.

பின் சக்கரக் காருக்கு நான் ஆக்சிலரேஷன் 55, டிஸெலரேஷன் 20 என்று தொடங்குவேன். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் மட்டும் புகைந்தால் ஆக்சிலரேஷனை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிப்பை விட்டுப் பின்பக்கம் சட்டென்று வீசினால் இறக்குங்கள். வளைவுக்குள் நுழைய காலை எடுத்ததும் பின்பக்கம் ஆடினால் டிஸெலரேஷனைக் கூட்டுங்கள், கார் நிதானமாகும். நுழையவே மறுத்து மூக்கு வெளியே போனால் குறையுங்கள்.

முன் சக்கரக் காருக்கு டிஸெலரேஷன் 0-க்கு அருகிலேயே இருக்கட்டும். ஆக்சிலரேஷன் 30 போல வைத்து, உள் சக்கரம் சுற்றினால் ஏற்றுங்கள். அதிகம் பூட்டினால் ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும்.

நான்கு சக்கரக் காரில் முன் ஆக்சிலரேஷன், முன் டிஸெலரேஷன், பின் ஆக்சிலரேஷன், பின் டிஸெலரேஷன், சென்டர் என்று ஐந்து எண்கள். சென்டர் எண் கூடினால் சக்தி பின்பக்கம் அதிகம் போகும். தார்ச் சாலையில் நான் சென்டரை 70-இல் வைத்துத் தொடங்குகிறேன். முன்னே ஆக்சிலரேஷன் 20, டிஸெலரேஷன் 0. பின்னே ஆக்சிலரேஷன் 70, டிஸெலரேஷன் 15. மண் தடம் என்றால் சென்டரை 60-க்கு இறக்கி, முன்பக்கப் பூட்டைக் கொஞ்சம் கூட்டுவேன்.

"கார் வளைவுல நேராவே போவுதுண்ணே" என்று கடலூர்த் தம்பி ஒருவர் தன் ஜிடி-ஆர் பற்றிச் சொன்னபோது, சஸ்பென்ஷனை மாற்ற வேண்டுமா என்றுதான் கேட்டார். தேவைப்படவில்லை. சென்டரை 72-க்கு ஏற்றி, முன் ஆக்சிலரேஷனைப் பாதியாகக் குறைத்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே கார் வளைய ஆரம்பித்தது. நான்கு சக்கரமாக மாற்றிய கார் மந்தமாகத் திரும்புகிறது என்ற குறை வந்தால் பெரும்பாலும் மருந்து இந்த இரண்டு எண்களில்தான் இருக்கும்.

டிரிஃப்ட் (பின்பக்கத்தை வழுக்க விட்டு ஓட்டுவது) மட்டும் ஆடுபவர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம்: பின் சக்கர ஓட்டம், ஆக்சிலரேஷன் 100, டிஸெலரேஷனும் உயரமாக.

சோதிப்பது எப்படி

ரைவல்ஸ் என்ற, மற்றவர் நேரத்தோடு போட்டியிடும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே தடமும் வானிலையும் மாறாது, எதிரில் போக்குவரத்து இருக்காது, போட்டியாளரின் ஓட்டம் பேய்க் காராக (மோதாத நிழல் கார்) கூடவே ஓடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றி ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது. ஆக்சிலரேஷன் எண்ணுக்கு வளைவின் வெளிவாசலையும், டிஸெலரேஷன் எண்ணுக்கு நுழைவாசலையும் பாருங்கள்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டுச் சோதிப்பது மிக முக்கியம். அது இயங்கிக்கொண்டிருந்தால் சக்கரம் சுற்றும் முன்பே விளையாட்டு சக்தியைக் குறைத்துவிடும். அப்போது டிஃபரன்ஷியல் 40-இல் இருந்தாலும் 80-இல் இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அணைத்ததும் கார் கட்டுக்கடங்காமல் போகிறது என்றால், அந்தக் காருக்குச் சக்தி அதிகம், டயர் போதவில்லை என்று பொருள். மறுபடி மேம்பாட்டுப் பக்கத்துக்குப் போய் இன்ஜினில் ஒரு பாகத்தைக் கழற்றி அந்தப் பி.ஐ.யை டயருக்குக் கொடுங்கள். ஃப்ரீ ரோமில், அதாவது பந்தயமில்லாமல் சும்மா சுற்றும்போது, ஒரே வளைவை ரீவைண்ட் செய்து செய்து பார்ப்பதும் நல்ல பழக்கம்.

சரியாக வந்த டியூனைத் தடத்தின் பெயரோடு சேமித்துவிடுங்கள். நெடுஞ்சாலைக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. மழை டியூனில் ஆக்சிலரேஷன் பூட்டைப் பத்து விழுக்காடு இறக்கி, முதல் கியரைக் கொஞ்சம் நீட்டினால் பெரும்பாலும் போதும். வெளியிட்டால் பகிர்வுக் குறியீடு கிடைக்கும், அதை நண்பர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம்.

கிரான் டூரிஸ்மோ 7 ஆடுபவர்களுக்கும் இதே அறிவு உதவும், பெயர்கள் மட்டும் வேறு. அங்கே லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு இனிஷியல் டார்க், ஆக்சிலரேஷன் சென்சிட்டிவிட்டி, பிரேக்கிங் சென்சிட்டிவிட்டி என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 60 வரை. ஆக்சிலரேஷன் இங்கே சொன்ன ஆக்சிலரேஷன்தான். பிரேக்கிங் என்பது டிஸெலரேஷன். இனிஷியல் டார்க் மட்டும் புதிது: கால் ஆக்சிலரேட்டரிலும் இல்லை, பிரேக்கிலும் இல்லை என்ற இடைவெளியிலும் கொஞ்சம் பூட்டு இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். அதைத் தாழ்வாக, 10-ஐ ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். நான்கு சக்கரக் காரில் முன்பின் பங்கீட்டை மாற்ற டார்க் வெக்டரிங் சென்டர் டிஃபரன்ஷியல் என்ற பாகத்தைத் தனியாக வாங்க வேண்டும்.